எந்தத் துறையில் இறங்குவோம்?

கப்பற் பிரயாணம் என்றாலே நம்மில் பலருக்கு உள்ளம் துள்ளும். ஆனால் கப்பலில் ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். எங்கே இறங்குவது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் தொடங்கி அரையாண்டு விடுமுறை கடந்தும் நடந்த பெரிய விவாதம் இறங்குவதைப் பற்றியதுதான். அதை நம் பள்ளி மலரில் எழுதும்படி வகுப்பு ஆசிரியை சொன்னதால் அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். 'நாங்கள்' என்று வரும் இடங்களில் இருவரையும் கொள்க. கருத்து வேறுபட்ட இடங்களில் அக்காளின் கருத்தே அச்சேறியிருக்கிறது என்பதையும் தங்கை பதிவு செய்ய விரும்புகிறாள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் வாழும் நமக்குக் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் துறைமுகம் நமக்கு அந்நியமன்று. புத்தம்புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீண்ட டிரெய்லர்கள் நம் பள்ளி வேனை உரசுவது போல் போகின்றனவே, அவற்றில் பல எண்ணூர்க்கும் சென்னைக்கும்தான் போகின்றன. அங்கிருந்து அவை கப்பலேறி எங்கெங்கோ இறங்குகின்றன. எங்கள் அப்பா ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறார். "நான் மாட்டின கதவெல்லாம் வெளிநாடு பாத்துடுச்சு, நான்தான் பாக்கல" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். குடும்பத்தோடு ஒரு முறையாவது கப்பலில் போக வேண்டும் என்ற ஆசையை முதலில் கிளப்பியவரும் அவரே.

பயணிகள் கப்பல் என்றவுடன் உலகத்தார் நினைப்பது கரீபியன் கடலைத்தான். அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல்கள் தீவு தீவாக நின்று செல்கின்றன. காலையில் ஒரு தீவு, இரவெல்லாம் ஓட்டம், மறுநாள் காலையில் இன்னொரு தீவு. எங்கள் பூகோள ஆசிரியை நூலகத்துப் பெரிய அட்லஸை விரித்து அந்தத் தீவுகளைக் காட்டினார். அதன்பின் இருவரும் படித்துத் தெரிந்துகொண்டதில் எங்களைக் கவர்ந்தவை இரண்டு. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கப்பலை விட்டு இறங்கினால் பழைய நகரம் காலடியிலேயே இருக்கிறது. கல் பாவிய தெருவில் நடந்தே கோட்டைக்குப் போய்விடலாம். கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ் டவுனிலோ பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க வழியில்லை. கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகள் சிறு படகுகளுக்கு மாறிக் கரை சேர வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்லும் குடும்பம் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? படத்தில் எது அழகு என்று பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுப்பது சரியான முறையன்று என்பது அப்போதே எங்களுக்குப் புரிந்தது.

இன்னொரு செய்தியும் கிடைத்தது. குவாடலூப் தீவில் 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் நம் நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கியதாம். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் தமிழர் மிகுதி. கரும்புத் தோட்டத்திற்கு ஆள் தேவைப்பட்டது, போனார்கள். இன்று உல்லாசக் கப்பல்கள் நிற்கும் அந்தத் தீவில் நம்மவர்களும் ஒரு காலத்தில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களை எந்தத் துறை வேண்டும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நிற்க. கரீபியன் வரை போக அப்பாவின் சம்பளம் போதாது. ஆனால் கரீபியன் கப்பலே சென்னைக்கு வந்த கதை ஒன்று உண்டு. பிரான்சில் கட்டப்பட்டு 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் மயாமியிலிருந்து பகாமாஸ் தீவுகளுக்கு ஓடிய கப்பல், பல பெயர் மாறி, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' ஆகி 2022 ஜூனில் சென்னையிலிருந்து உள்நாட்டுப் பயணம் புறப்பட்டது. அந்த முறை புதுவையில் இறங்க அவ்வூர் அரசு அனுமதி தரவில்லை. துறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு மட்டும் உரியதல்ல போலும்! அடுத்த ஆண்டு, 2023 ஜூன் 5 அன்று, அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகள் அதன் பட்டியலில் இருந்தன.

அப்பா இந்தச் செய்தியைச் சொன்ன இரவு எங்கள் வீட்டில் யாரும் தொலைக்காட்சி போடவில்லை. அவரவர்க்கு ஒரு துறை பிடித்துவிட்டது.

அப்பாவுக்கு அம்பாந்தோட்டை. 2010-ல் திறக்கப்பட்டு 2017-ல் சீன நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட துறைமுகம் அது. கார்கள் ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பல் மாறுவது அங்கே பெரிய தொழில். நம் பக்கத்துக் கார்களும் அங்கே இறங்கி ஏறுமாம். "போய் நின்னு பாத்தா நம்ம வண்டி ஒண்ணாவது கண்ணுல படாதா?" என்றார். பக்கத்திலுள்ள புந்தலச் சதுப்பு நிலத்துப் பறவைகளையும் யால காட்டு யானைகளையும் எடுத்துச் சொல்லி எங்களைத் தம் பக்கம் இழுக்கப் பார்த்தார்.

அம்மாவுக்குத் திருகோணமலை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் அது ஒன்று. பாறை உச்சியில் கோணேசர் கோயில், அந்தப் பாறைக்குப் போகும் வழியில் போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டை, சற்றுத் தொலைவில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்தத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியதை எங்கள் வரலாற்றுப் பாடம் சொல்லவில்லை; அம்மா சொன்னார். ஆனால் அம்மாவின் மனத்தில் இருந்தது வரலாறு அன்று, வெந்நீர். அம்மாயியின் முழங்காலுக்கு அது நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எங்களுக்குக் காங்கேசன்துறை. அங்கிருந்து யாழ்ப்பாணம் பக்கம். 1981-ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் படிகளில் நிற்க வேண்டும் என்பது அக்காளின் ஆசை. கீரிமலைக் கேணி கடலை ஒட்டியே இருந்தும் அதன் நீர் நன்னீர் என்பதைக் குடித்துப் பார்த்தே நம்புவேன் என்றாள் தங்கை.

இப்படி வீடு மூன்று கட்சியாயிற்று. ஒரு வாரம் வாக்குவாதம். அம்மாயி மட்டும் வாய் திறக்கவில்லை.

அம்மாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மாவின் அம்மா. இப்போது எழுபது வயது. இலங்கையில் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதியைப் பிறகு பார்ப்பது என்று முடிவாயிற்று. எண்ணிக்கையைப் பங்கிட்டார்கள்; குடும்பங்கள் எப்படிப் பங்காகும் என்று யோசித்தார்களா என்று தெரியவில்லை. அம்மாயியின் பெற்றோருக்கும் அவருக்கும் இந்தியா என்று வந்தது. அவருடைய அக்காளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. அக்காள் கணவர் வீட்டாருக்கு இலங்கை என்று வந்தது. ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் அவர்கள்.

1974-ல், பதினெட்டு வயதில், அம்மாயி தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார். மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தாயகம் திரும்பியோருக்காக அரசு நட்ட தேயிலைத் தோட்டம். அங்கேயும் கொழுந்து பறித்தார். எங்கள் அம்மா அங்கிருந்துதான் ஸ்ரீபெரும்புதூருக்குக் கைபேசித் தொழிற்சாலை வேலைக்கு வந்தார். அம்மாயிக்கு நம் ஊர் வெயில் இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய டிரங்குப் பெட்டியில் கண்டியிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பழைய பாஸ்போர்ட் இருக்கிறது. படத்திலிருக்கும் பெண் அக்காளைப் போலவே இருக்கிறாள்.

வாக்குவாதத்தின் எட்டாம் நாள் அம்மாயி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மூணுல எந்தத் துறையில எறங்கினா அட்டனுக்கு ரயில் இருக்கு?"

வீடு அமைதியாயிற்று. யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அட்லஸைத் திரும்பவும் எடுத்தோம். அம்பாந்தோட்டைக்கு ரயிலே இல்லை. தெற்குப் பாதை பெலியத்தவோடு நின்றுவிடுகிறது. அப்பா முதல் ஆளாகத் தம் துறையைக் கைவிட்டார். திருகோணமலையில் ரயில் நிலையம் உண்டு. காங்கேசன்துறையிலும் உண்டு, வடக்குப் பாதை அங்கேதான் முடிகிறது. போரில் அழிந்த அந்தப் பாதை 2015 ஜனவரியில் மறுபடியும் காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டது. இரண்டு ஊர் ரயிலும் பொல்கஹவெலை சந்திப்பு வரை வரும். அங்கே மாறினால் மலைநாட்டுப் பாதை அட்டனுக்குப் போகும்.

மகிழ்ச்சி அரை மணி நேரம் கூட நீடிக்கவில்லை. உல்லாசக் கப்பல் துறையில் நிற்பது ஒரு பகல். காலையில் இறங்கியவர் மாலைக்குள் ஏறியாக வேண்டும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. காங்கேசன்துறையிலிருந்து அட்டனுக்குப் போய்ச் சேரவே ஒரு பகல் போதாது. சான் ஹுவானிலோ ஜார்ஜ் டவுனிலோ கடைத்தெரு பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு ஒரு பகல் சரி. ஐம்பத்திரண்டு ஆண்டு பார்க்காத அக்காளைப் பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கணக்கு எப்படிச் சரிப்படும்?

"அப்ப பிளேன்ல கொழும்புக்குப் போயிடலாம் அத்தை. ஒன்றரை மணி நேரம். அங்கேருந்து அட்டன் பக்கந்தான்" என்றார் அப்பா. நியாயமான யோசனை. செலவும் உல்லாசக் கப்பலைவிடக் குறைவு. ஆனால் அம்மாயி தலையசைக்கவில்லை.

"வரும்போது கப்பல்ல கீழ்த்தட்டுல படுத்துக் கெடந்தேன் மாப்பிள்ளை. தலை சுத்தல், வாந்தி. கரை எப்பப் போச்சுன்னே தெரியல. போகும்போதாச்சும் கரை வர்றதைப் பாக்கணும்."

அதற்குமேல் அப்பா விமானத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னார்: "நாகப்பட்டினம்." நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் ஓடத் தொடங்கியது. நீச்சல் குளமோ நாடக அரங்கோ அதில் இல்லை. ஏறத்தாழ நான்கு மணி நேரம்; உட்கார்ந்து போக இருக்கை உண்டு. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் ஓடாது. இறங்கினால் திரும்பக் கூப்பிட அங்கே விசில் ஊதமாட்டார்கள். நமக்கு வேண்டிய நாளில் திரும்பலாம். எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று தங்கை கை தட்டினாள். ஜெயித்தது அம்மாயி என்பது அக்காளின் கருத்து.

தலைமன்னார்க் கப்பல் ஏன் இல்லை என்று அம்மாயி ஒரு முறை கேட்டார். 1980-களில் போர் மூண்டபோது நின்றது, பிறகு ஓடவே இல்லை என்றோம். "சரி, கடல் ஒண்ணுதானே" என்றார்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. நம் பக்கம் பள்ளிக்கு விடுமுறை விட்டதோடு சரி. இலங்கையில் மலைநாடெங்கும் மண் சரிந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பெரியம்மாயியின் கைபேசி நான்கு நாள் எடுக்கவில்லை. அம்மாயி அந்த நான்கு நாளும் சோறு பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோவார். ஐந்தாம் நாள் மாலை பேத்தியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. லயத்தின் பின்புறத் திட்டு இடிந்துவிட்டது, எல்லாரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம், உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அக்காளும் தங்கையும் திரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெரியம்மாயி, "வந்தீன்னா செருப்பு நல்லதாப் போட்டுக்கிட்டு வா, பாதையெல்லாம் சேறு" என்றார்.

அந்தப் புயலில் தீவின் பல ரயில் பாதைகள் அறுபட்டன. மலைநாட்டுப் பாதை மிகுந்த சேதமடைந்தது. ஆகவே ரயிலை நம்பித் தொடங்கிய எங்கள் திட்டத்தில் இப்போது பேருந்தும் சேர்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 சாலையில் கண்டி வரை, அங்கிருந்து அட்டனுக்கு வேறு பேருந்து. முழங்காலுக்கு இது கடினம். கண்டியில் ஓரிரவு தங்க வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கன்னியா வெந்நீரை அவர் இன்னும் மறக்கவில்லை. "திரும்பும்போது பார்க்கலாம்" என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார்.

அம்மாயியின் புதிய பாஸ்போர்ட் ஜனவரியில் வந்தது. பிறந்த இடம் என்ற வரியை எங்களிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பெரியம்மாயி கேட்ட பொருட்கள் இவை: வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று, பவளமல்லி நிறத்தில் காஞ்சிபுரம் பருத்திச் சேலை ஒன்று, கூடலூரில் தங்கள் அம்மாவைப் புதைத்த இடத்து மண் ஒரு பிடி. முதலாவது நாகை போகும் வழியிலேயே கிடைக்கும். மண்ணைக் கப்பலில் அனுமதிப்பார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பா பதினோரு நாள் விடுப்புக் கேட்டு ஒன்பது நாள் பெற்றிருக்கிறார். மே மாதக் கப்பல் நாட்களை அறிவித்ததும் ஐந்து சீட்டு வாங்க வேண்டும். ஒன்பது நாளில் ஒரு பகல் யாழ்ப்பாண நூலகத்துக்கு என்று எழுதி, காலண்டரில் அந்தத் தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறார்.