தில்லை மரம் எது?

"தில்லை மரத்தைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று மறைக்கல்வி வகுப்பில் ஒருநாள் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. தில்லை என்பதையே பழம்பெயராகக் கொண்ட சிதம்பரத்தில் வளர்கின்ற பிள்ளைகள் அவர்கள். பின்வரிசையில் இருந்த பெற்றோரும் விழித்தனர். அந்தக் கூச்சத்தில்தான், சென்ற கோடை விடுமுறையில் பதினொரு குடும்பங்களைப் பிச்சாவரத்திற்கு அழைத்துச் சென்றேன். கிள்ளை வழியாக ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர், அவ்வளவே. பெரியவர்களுக்கு அக்காடு 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தின் காடு. நானும் அதை முதலில் திரையில்தான் கண்டேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

"தொடாதீங்க சாமி, பால் கண்ணுல பட்டா ஆபத்து" என்று எச்சரித்தபடியே படகோட்டி தில்லையைக் காட்டினார். அடுத்து, சுரபுன்னை. அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்குகிறது. பருவம் வந்ததும் சேற்றில் விழுந்து வேர்விடுகிறது. பிள்ளைகள் வாயடைத்துப் பார்த்தனர். ஓராண்டு வகுப்பில் நான் பெறாத அமைதி அது.

இக்காடு தானாகவே இப்படி நிற்கவில்லை. ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970கள் வரை இதனைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழலிழந்த சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வடிய வழியின்றி வற்றி, உப்பு மிகுந்தது. அதில் விதை பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களைக் கூட்டி, மீன்முள்ளைப் போலக் கிளைக்கும் கால்வாய்களை வெட்டச் செய்தன. ஓதம் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் நிலைத்தன. எம்.ஜி.ஆர். நகரின் இருளர் குடும்பங்களும் அப்பணியில் பங்கேற்றன. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது செய்தித்தாளில் நான் தேடியது அவர்களைத்தான்.

குருமடத்தில் தொடக்கநூலைப் பயின்றவன் நான். மண்ணுலகை ஆளும் அதிகாரத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். இரண்டாம் அதிகாரத்தில் வரும் காக்கும் கடமையைப் பற்றி ஒன்றுகூட ஆற்றியதாக நினைவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். கடலூரை அடுத்த கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் இளங்குருவாகிய நான், சமயம் பாராது உடல்களைச் சுமந்தவர்களோடு நின்றேன். சில நாள்களில், பிச்சாவரத்துக் காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கேள்வியுற்றேன். கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்தவர்களும் அடுத்த ஆண்டே அதை எழுதினார்கள். நான் நின்ற ஊருக்கு முன்னே மணல் மட்டுமே இருந்தது. அதை எண்ணாமல் இன்றும் அந்தக் கரையைக் கடக்க இயலவில்லை.

திரும்புகையில், இடுப்பளவு நீரில் இருளர் பெண் ஒருவர் கைகளால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியிருந்தார். "அக்கா, இது எல்லாம் யார் நட்ட மரம்?" என்று எங்கள் சிறுமி ஒருத்தி உரக்கக் கேட்டாள். பறி வாயில் இருந்ததால் அவர் பேசவில்லை. சேறு படிந்த கையை நீரிலிருந்து எடுத்துத் தம் மார்பைத் தொட்டுக் காட்டிவிட்டு, மறுபடியும் குனிந்தார்.