பெடல் இறங்கும் காரணம்: தாம்பரம் வட்டாரத்தில் பழைய கார்களின் பிரேக் பழுதறியும் தொழில்

பழைய காரின் பிரேக் பெடல் மிதிப்பவரின் காலுக்கு உறுதியான எதிர்ப்பைத் தராமல் தரையை நோக்கி இறங்குவது பார்வைக்கு ஒரே பழுதாகத் தோன்றினாலும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பழுதுகளுக்கு அது பொதுவான அறிகுறியாகும். அவற்றுள் எது நேர்ந்திருக்கிறது என்பதை எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்பே கண்டறிவதுதான், தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் ஆகிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் இன்றும் பழைய கார்களைப் பார்க்கும் மெக்கானிக்குகளுடைய தொழிலின் உயிர்நிலை.

இவ்வட்டாரத்துக்கும் கார்த் தொழிலுக்கும் உள்ள உறவு பழமையானது. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் இயங்கியது; இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை அடியொற்றிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதலும், அதிலிருந்து உருவான கெஸல் 1970களிலும், ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் 1985 முதலும் அங்கே தயாராகி, 1988இல் உற்பத்தி நின்றுபோயிற்று. 1962இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சென்னைப் பாடியில் அமைந்ததால், பிரேக் பாகங்களின் தயாரிப்பும் இந்நகரத்துக்கு அந்நியமானதன்று. ஆயினும், 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசடருக்கு எளிதில் கிடைக்கும் உதிரிப்பாகம் ஹெரால்டுக்குக் கிடைப்பதில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடியலைந்தே ஒன்றைப் பெற வேண்டும். ஆகவே, காரணம் தெரியாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் இத்தகைய கார்களுக்குப் பொருந்துவதில்லை. தவறான முடிவு ஒன்று, மீண்டும் கிடைக்காத நல்ல பாகம் ஒன்றைப் பாழாக்கிவிடக்கூடும்.

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் தலைமை உருளையிலுள்ள பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அவ்வழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களிலுமுள்ள வீல் சிலிண்டர்களை அடைந்து, ஷூ எனப்படும் வளைந்த தகடுகளை விரித்து, சுழலும் டிரம்மின் உட்சுவரோடு உராயச் செய்கிறது. திரவம் ஏறத்தாழச் சுருங்காது என்பதால்தான் காலின் விசை சிதறாமல் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. காற்று சுருங்கும் என்பதால் குழாய்க்குள் புகுந்த சிறு குமிழியும் அவ்விசையைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. பழைய கார்களில் பெரும்பாலும் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச்சுற்றுதான் உண்டு என்பதால், ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டாலும் கால்பிரேக் முழுவதும் செயலிழக்க நேரிடும்.

தேர்ந்த மெக்கானிக் முதலில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, வண்டி நின்ற நிலையிலேயே பெடலை மிதித்துப் பார்க்கிறார். பெடல் வெகுதூரம் இறங்கியபின் உறுதியாக நின்று, இரண்டு மூன்று முறை தொடர்ந்து அடித்தால் உயர்ந்த இடத்திலேயே உறுதிப்படுமானால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது என்பது பொருள். அடிக்க அடிக்க உயர்ந்தும் பஞ்சுபோல் அமுங்கிக்கொடுத்தால் காற்று புகுந்திருக்கிறது அல்லது ரப்பர் ஹோஸ் மூப்படைந்து அழுத்தத்தில் உப்புகிறது. மிதித்த காலை எடுக்காமல் ஒரே விசையில் வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழிறங்குமானால், எங்கோ வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்து ஆயிலைப் பின்னுக்கு விடுகிறது. டயரின் உட்புறமும் குழாய் இணைப்புகளும் உலர்ந்திருந்து, ஆயில் டப்பாவில் மட்டமும் குறையாதிருந்தால் ஐயம் மாஸ்டர் சிலிண்டரின்மீதே நிலைகொள்கிறது.

இடைவெளியே காரணமெனில், சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றியவாறே, டிரம்மின் பின்தட்டிலுள்ள அட்ஜஸ்டரை ஷூ டிரம்மைப் பற்றும்வரை முறுக்கி, பின்னர்ச் சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்துகின்றனர். இங்கே பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்றுண்டு: பலமுறை லேத்தில் கடைந்து விட்டம் பெருகிய டிரம்மின் வளைவோடு, ஷூவின்மேல் பொருத்தப்படும் உராய்வுப் பட்டையான புதிய லைனிங்கின் வளைவு ஒத்துப்போகாவிட்டால், ஷூவின் நடுப்பகுதி மட்டும் தொட்டு முனைகள் வளைந்து கொடுப்பதால், குழாயில் காற்றே இல்லாதபோதும் பெடல் அமுங்குகிறது. குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுத்தல்’ பணியை எத்தனை முறை செய்தாலும் இக்குறை நீங்காது. லைனிங்கைத் தேய்த்து வளைவைச் சரிசெய்வதே தீர்வாகும்.

ஏர் எடுத்தல் என்பது இருவர் சேர்ந்து செய்யும் பணி. வலப்புறம் ஓட்டுநர் அமரும் இந்தியக் கார்களில், மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின்பக்க இடது சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். வீல் சிலிண்டரின் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் அமிழ்த்திவிட்டு, காருக்கடியில் படுத்திருப்பவர் “அடி... அடி... பிடி” என்று குரல் கொடுக்க, மேலே அமர்ந்திருக்கும் இளைஞர் “பிடிச்சிருக்கேண்ணே” என்று விடையளிக்கிறார். அக்கணம் நிப்பிள் அரைச்சுற்றுத் திறக்கப்பட, ஆயிலோடு குமிழிகள் வெளியேறுகின்றன. பெடலிலிருந்து காலை எடுப்பதற்கு முன் நிப்பிள் மூடப்படாவிட்டால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளிழுக்கப்பட்டுவிடும். விரைந்து அடித்தால் குமிழி நுரையாகச் சிதறிக் குழாயிலேயே தங்கிவிடும் என்பதால் நிதானமாக அடிக்கும்படி மூத்தவர் அறிவுறுத்துகிறார். பெடலுக்கடியில் மரக்கட்டை ஒன்றை வைப்பதற்கும் காரணமுண்டு: நெடுநாள் தொடாமலிருந்த சிலிண்டரின் அடிப்பகுதியில் துருவும் படிவும் சேர்ந்திருக்கும், பெடல் முழுவதும் இறங்கினால் வாஷரின் மெல்லிய உதடு அங்கே உரசிக் கிழிந்து, நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டரும் கெட்டுப்போகும்.

கடல் அருகிலுள்ள இவ்வூர்களின் ஈரக்காற்றுக்கும் இப்பழுதுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பரவலாகப் பயன்படும் கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கு வகுக்கப்பட்ட கீழ்வரம்போ 140 டிகிரி மட்டுமே. நெடிய மலைச்சரிவில் பிரேக்கைத் தொடர்ந்து பயன்படுத்தும்போது அந்நீர் ஆவியாகிப் பெடல் திடீரென இறங்குவதும், சூடு தணிந்தபின் ஒன்றும் நேராததுபோல் உறுதிப்படுவதும் இதனால்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதுபோன்ற நிலையில், நீரில் நின்ற கார்களின் டிரம்முக்குள் புகுந்த ஈரம் வார்ப்பிரும்பு வீல் சிலிண்டர்களைத் துருப்பிடிக்கச் செய்து, பிஸ்டன் ஓடும் வழவழப்பான சுவரில் குழிகளை உண்டாக்கிவிடும். குழி ஆழமில்லையெனில் சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கி (ஹோன் செய்து) புதிய ரப்பர் கிட் போடுவர். ஆழமெனில் லேத்தில் துளையைப் பெருக்கி, பித்தளை அல்லது எவர்சில்வர் ஸ்லீவைச் செலுத்தி, பழைய அளவுக்கே கடைந்து தருவர். இவ்வகையில் சந்தையிலிருந்து மறைந்துபோன பாகத்துக்கு லேத் பட்டறை மறுவாழ்வு அளிக்கிறது.

இவ்வளவு நுட்பமான தொழிலைச் செய்வோரின் உடல்நலம் போதிய அக்கறை பெறவில்லை. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்க வாய்ப்பிருப்பதால், டிரம்மைத் திறந்தவுடன் கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதும் பழக்கம் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தகும். கூலி கணக்கிடப்படும் முறையிலும் நீதி இல்லை. மாற்றிய பாகத்துக்கும் மாற்றிய உழைப்புக்கும் தயங்காமல் பணம் தரும் உரிமையாளர்கள், எதையும் மாற்றத் தேவையில்லை என்று கண்டறிந்த அறிவுக்குத் தனியே கூலி தருவது அரிது. அதனால் சரியாகப் பழுதறிபவரே குறைவாக ஈட்டும் நிலை உருவாகிறது. பழுதறிதலுக்கென்று தனிக்கூலி வகுப்பதும், பெடலின் நடத்தையிலிருந்து காரணத்தை ஒவ்வொன்றாக விலக்கிச் செல்லும் இம்முறையைத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குரிய பாடமாகத் தமிழில் எழுதிவைப்பதும், இத்தொழிலில் புதியவர்கள் நுழைந்து நிலைப்பதற்கு இன்றியமையாத முதல் ஏற்பாடுகளாகும்.