எலுமிச்சம்பழம் நசுங்கும் முன்னால

கொஞ்சம் நீளமான பதிவு. செகண்ட் ஹேண்ட் ஆட்டோ கார் வாங்கப் போறவங்க தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

நம்ம கோயிலுக்குக் கார் பூஜைக்கு வந்தா, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறது பல வருஷமா என் வேலை. அதுக்கு முன்னால பட்டறையிலதான் என் காலம் போச்சு. ஒரு கார் நகர்றதைப் பார்த்தாலே அதோட உடம்பு எப்படின்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

போன வருஷம் ஒரு அக்கா கார் கொண்டு வந்தாங்க. கணவருக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். அக்காவுக்கு முட்டிவலி, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால நகையை அடகு வச்சு ஆட்டோ கார் வாங்கியிருந்தாங்க. குருக்கள் தீபாராதனை காட்டி முடிச்சதும் அக்கா கியரை 'டி'யில போட்டாங்க. கார் உடனே நகரல. இன்ஜின் மட்டும் உறுமுச்சு. ரெண்டு விநாடி கழிச்சு 'டக்'குன்னு ஒரு குலுக்கல், அப்புறம்தான் பழம் நசுங்குச்சு.

எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா அக்கா முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கிட்டேன். நல்ல நாள்ல எதுக்கு அபசகுனமா பேசணும்னு நினைச்சேன். மூணாவது வாரம், டயாலிசிஸுக்குப் போற வழியில மேட்டுல கார் நின்னு போச்சு. கியர்பாக்ஸ் செலவு 4,500 வெள்ளி. அன்னிக்கே சொல்லியிருந்தா வித்தவர்கிட்ட உடனே திருப்பிக் கேட்டிருக்கலாம். அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் இதை எழுதுறேன்.

பார்க்க வேண்டியது இதுதான்:

முதல்ல, காரை ஆறிப்போன நிலையில பார்க்கணும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, உங்களுக்கு முன்னாடியே யாரோ ஓட்டி வச்சிருக்காங்க. ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை மிதிச்சபடி 'ஆர்', 'டி' மாத்துங்க. கியர் உடனே, மெதுவா விழணும். தாமதம், இடி ரெண்டும் ஆகாது.

அப்புறம் அரை மணி நேரமாவது ஓட்டுங்க. சில கோளாறு சூடேறினாதான் தெரியும். மேட்டுல ஏத்துங்க, ஜாம்லயும் ஓட்டுங்க. இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறலைன்னா உள்ளே வழுக்குதுன்னு அர்த்தம்.

எந்த வகை கியர்பாக்ஸ்னு கேளுங்க. உதாரணத்துக்கு, மைவி ஆட்டோவில 2021 கடைசி வரைக்கும் பழைய 4 ஸ்பீட், அதுக்கப்புறம் சிவிடி. 4 ஸ்பீட்ல கியர் மாறுறது தெரியும். சிவிடியில அப்படித் தெரியாது. மெதுவா போகும்போது நடுக்கமோ ஊளைச் சத்தமோ வருதான்னு கவனிங்க. ரெண்டுக்கும் எண்ணெய் வேற வேற. மாத்தி ஊத்தினா கியர்பாக்ஸ் கெட்டுடும். எண்ணெய் மாத்தின ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்க. 4 ஸ்பீட்ல எண்ணெய் கறுத்துக் கருகின வாடை அடிச்சா, அந்தக் கார் வேணாம்.

2021 டிசம்பர்ல ஷா ஆலம், கிள்ளான் பக்கம் வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேறு படிஞ்ச கறை இருக்கும். கார்ப்பெட்டுக்கு அடியிலயும் பாருங்க.

'புஸ்பாகோம் பாஸ்'னு சொன்னா மட்டும் நம்பிடாதீங்க. அங்க பிரேக், விளக்கு, புகை, சேசிஸ் நம்பர் எல்லாம் பார்ப்பாங்க. கியர்பாக்ஸைப் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. டெபோசிட் கட்டும் முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்ச பட்டறையில காட்டுங்க. விக்கிறவர் அதுக்கு ஒத்துக்கலைன்னா, அதுவே பதில்.

வியாபாரிகிட்ட வாங்கி ஏமாந்திருந்தா, பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு. 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல. அந்த அக்காவுக்கு மனு எழுத நான்தான் கூட உட்கார்ந்தேன். முன்னாடியே வாய் திறந்திருந்தா அந்த அலைச்சலே இருந்திருக்காது.

பூஜை காரோட பயணத்துக்குத்தான். கெட்டுப்போன கியர்பாக்ஸை முருகன் வந்து மாத்தணும்னு எதிர்பார்க்கக் கூடாது இல்லையா? ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் பாத்திரம் கழுவுற இடத்துல இருப்பேன். வாங்குறதுக்கு முன்னால காரைக் கொண்டு வாங்க, காசு வேணாம். இனிமே குறை தெரிஞ்சா நல்ல நாள்னு பார்க்காம சொல்லிடுவேன், கோவிச்சுக்காதீங்க.

முருகா சரணம்.