ஒரே கேள்வித்தாள் எழுதிய ஊர்கள்

திண்டிவனத்தில் ரயில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், அடுத்து விழுப்புரம். மீட்டர்கேஜ் நாள்களில் பாசஞ்சர் வண்டி இந்த நிலையங்களில் நின்று நின்று போகும். ஒவ்வொன்றிலும் சில ஆசிரியர்கள் இறங்குவார்கள். கையில் சோற்று டப்பா வைத்த துணிப்பை, திருத்திய விடைத்தாள் கட்டு. அங்கிருந்து சைக்கிளிலோ நடந்தோ ஏரிக்கரை வழியாக ஏதோ ஓர் அரசுப் பள்ளிக்குப் போய்ச் சேர்வார்கள். மின்சார எஞ்சின் விழுப்புரத்தோடு கழன்றுகொள்ளும். அதற்குத் தெற்கே டீசல்தான். எங்கள் உலகமும் ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. மேற்கே செஞ்சி மலைகள், கிழக்கே மரக்காணம் உப்பளங்கள். நடுவில் மல்லாட்டைக் கொல்லைகள், சவுக்குத் தோப்புகள், கரும்புத் தோட்டங்கள். இவற்றுக்குள் சிதறிக் கிடந்த பள்ளிகள்தான் எங்களை வளர்த்தன.

நாங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது அது தென்னாற்காடு மாவட்டம். பெரிய அதிகாரிகள் கடலூரில் இருந்தார்கள். 1993 செப்டம்பர் 30ஆம் தேதி மாவட்டம் பிரிந்தது. காலாண்டுத் தேர்வில் கடிதம் எழுதும் கேள்விக்கு ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்று முகவரி போட்ட நாங்கள், அரையாண்டில் ‘விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம்’ என்று எழுதினோம். 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயர் நீக்கப்பட்டபோது வெறும் விழுப்புரம் ஆயிற்று.

மாவட்டம் என்பது மாணவர்களாகிய எங்களுக்குக் கேள்வித்தாள் வழியாகத்தான் புரிந்தது. அரையாண்டுத் தேர்வுக்கு மாவட்டம் முழுவதற்கும் ஒரே தாள். திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியின் உயர்ந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்த பையனும், வானூர்ப் பக்கத்துப் பள்ளியில் வேப்பமரத்தடியில் மணல்மேல் உட்கார்ந்த பெண்ணும் அதே காலையில் அதே தாளைப் பிரித்தார்கள். விழுப்புரத்தில் படித்த என் மாமா மகன் விடுமுறைக்கு வந்ததும், “அந்தக் கடைசி கணக்குக்கு உனக்கு என்ன விடை வந்துச்சு?” என்றுதான் பேச்சைத் தொடங்குவான். பார்த்தே இராத எத்தனையோ பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

“டி.இ.ஓ. வர்றாராம்” என்ற சேதி வந்துவிட்டால் பள்ளி வேறு பள்ளியாகும். மரங்களின் அடியில் காவியும் சுண்ணாம்பும் ஏறும். அலமாரிக்குள் சுருண்டு கிடந்த இந்திய வரைபடம் சுவருக்கு வரும். நோட்டுகளுக்குப் பழுப்பு அட்டை போட்டுத் தலைமையாசிரியர் மேசையில் அடுக்குவோம். மாவட்டக் கல்வி அலுவலர் வகுப்புக்குள் வந்து ஒரு பையனை எழுப்பி ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார். அவன் தட்டுத் தடுமாறி வாசித்து முடிக்கும்வரை ஆசிரியர் மூச்சுவிட மாட்டார். தூரத்து அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் எங்கள் வாசிப்பைக் கேட்க இவ்வளவு தொலைவு வருகிறார் என்பதே எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

தமிழாசிரியர்களில் பலர் மயிலத்தில் படித்தவர்கள். மயிலம் மலையடிவாரத்தில் பொம்மபுர ஆதீனம் 1938இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரி, இந்த வட்டாரப் பள்ளிகளுக்குப் புலவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. எங்கள் தமிழ் ஐயா சிறுபாணாற்றுப்படை பற்றிச் சொன்ன நாளை மறக்க முடியாது. நல்லூர் நத்தத்தனார் பாடிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர்களில் ஒன்று கிடங்கில். “அது வேற எங்கயும் இல்லடா, நம்ம கிடங்கல்தான்” என்றார். திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கும் அந்தக் கிடங்கலிலிருந்து வந்த பையன் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். திருவக்கரையில் கல்லாகிக் கிடந்த மரங்களை அறிவியல் ஆசிரியர் காட்டியபோதும் அப்படித்தான். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமை எங்கள் ஊர்ச் செம்மண்ணில் கிடந்தது. எங்கள் ஊரும் பாடத்துக்குரியது என்று அவர்கள் கற்பித்தார்கள்.

பொங்கல் முடிந்தால் வகுப்பில் இடைவெளி விழும். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பங்கள் கிளம்பும் பருவம் அது. பொதுத்தேர்வு நெருங்குவதும் அப்போதுதான். சிலர் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, “பாத்துக்குங்க சார், நாங்க வெட்டுக்குப் போயிட்டு வரோம்” என்று ஆசிரியரிடம் சொல்லிப் போவார்கள். பலர் பிள்ளைகளையும் கூட்டிப்போவார்கள். இருந்தவர்களை மதியம்வரை உட்கார வைத்தது சத்துணவு. 1982இல் தொடங்கி 1984இல் பதினைந்து வயதுவரை விரிந்த அந்தச் சோறு இல்லாவிட்டால், என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் ஆறாம் வகுப்பையே கண்டிருக்க மாட்டார்கள்.

தேர்வு முடிவு வரும் நாளில் மாவட்ட வாரியான பட்டியலில் விழுப்புரத்தைக் கீழிருந்து தேட வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் அப்படித்தான். பின்தங்கிய மாவட்டம் என்று எழுதிவிட்டுச் செய்தித்தாள்கள் நகர்ந்தன. அந்தப் பட்டியல் மார்ச் மாதத்தை மட்டுமே அளந்தது. எழுத்தறியாத வீட்டிலிருந்து வந்த பிள்ளை எங்கிருந்து புறப்பட்டது, எவ்வளவு தூரம் வந்தது என்பதை அது அளக்கவில்லை. முதல் தலைமுறையைப் படிக்க வைக்கும் பள்ளியையும், மூன்றாம் தலைமுறையைப் படிக்க வைக்கும் பள்ளியையும் ஒரே கோலால் அளப்பது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் பள்ளிகளுக்கும் எட்டாத பிள்ளைகள் இருந்தார்கள். ஏரியோரத்து இருளர் குடியிருப்புகளில் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பு பாதியில் நின்றவர்கள் அவர்கள். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி அந்தச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்தார். திண்டிவனத்து உரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி கண்டார். ஒரு தாளுக்காகக் குழந்தை பள்ளியை விட்டு நிற்கக் கூடாது என்பதை இந்த ஊர் அவரிடம் கற்றது.

2019இல் கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அன்று வேப்பமரத்தடியில் தேர்வு எழுதியவர்கள் சிலர் இன்று அதே பள்ளிகளில் ஆசிரியர்கள். கூலிக்குப் போன தாய் தந்தையரின் பிள்ளைகளைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டது அரசுப் பள்ளி. அங்கே படித்து மேலேறிய நாங்கள், சொந்தப் பிள்ளைகளை அதன் வாசலைத் தாண்டித் தனியார் பள்ளிக்கு அழைத்துப் போகிறோம். அந்த வாசல் திறந்தே இருக்கவேண்டும் என்று கேட்கும் முதல் கடமை எங்களுடையது.