புகை மணக்கும் மூட்டை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ் சாய்ந்தது, காலி சிலிண்டர் மிதந்தது. அதற்கெல்லாம் நான் அழவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளுக்காகத்தான் அழுதேன். உள்ளே இருந்தது துணி. உடுத்துகிற துணி இல்லை, வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பதற்கென்று பதினோரு வருஷமாகச் சேர்த்த துணி.

க்வில்ட் தைக்கிறவர்கள் எல்லோருக்குமே இந்த வியாதி உண்டு. தைப்பது வருஷத்துக்கு ஒன்று, துணி வாங்குவது வாரத்துக்கு ஒன்று. மதுரைச் சுங்குடியில் அரை மீட்டர், மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் கால் மீட்டர், கோடவுன் தெருவில் எதற்கோ போய் வரும்போது கைநிறைய கட்பீஸ். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போட்டுச் சுருங்க விடுவேன். இஸ்திரி போட்டு, ஆறங்குல அகல ஸ்கேலைச் சுற்றி மடித்து, மடிப்பு வெளியே தெரிகிற மாதிரி நிறவாரியாக அடுக்குவேன். சிவப்பு முடிந்து ஆரஞ்சு, ஆரஞ்சு முடிந்து மஞ்சள். வெயில் பட்டால் மடிப்பு ஓரம் வெளுக்கும் என்று அலமாரியை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டிருந்தேன். மரத்தின் பழுப்பு ஏறும் என்று தட்டுக்குத் தட்டு வெள்ளைத் துணி விரித்தேன். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி வரும் என்று கஞ்சி போகும்வரை அலசினேன். மூலைக்கு மூலை வசம்பு வேறு. இவ்வளவு சாஸ்திரம் தெரிந்தவள், அலமாரி நிரம்பிவிட்டதென்று மிச்சத்தைக் காற்றுப்புகாத பெட்டிகளில் அடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன். அந்த மூடி காற்றை மட்டும்தான் தடுத்தது. ஐந்தாம் நாள் திறந்தபோது கலம்காரியின் சிவப்பு எல்லாவற்றிலும் ஏறி, அதன்மேல் கருப்புக் கருப்பாகப் பூஞ்சணம்.

என் புலம்பலை ஒரு வருஷம் பொறுத்துக்கொண்டவள், என்னோடு வேலை பார்க்கும் ஹுப்பள்ளித் தோழி. "மியூசியத்துல வெக்கிற மாதிரி வெச்சா இப்படித்தான். எங்க ஊர்ப் பக்கம் சித்திங்க எப்படி வெச்சிருக்காங்கன்னு வந்து பாரு" என்றாள். சித்தி என்றதும் யாருடைய சின்னம்மா என்று கேட்டேன். அவள் சொன்னது வேறு சித்தி.

ஹுப்பள்ளியிலிருந்து எல்லாப்பூர் எழுபது கிலோமீட்டர். கல்கட்கி தாண்டியதும் கரிசல் விட்டுப்போய்க் காடு தொடங்குகிறது. எல்லாப்பூர், ஹளியாள், முண்ட்கோடு வட்டாரங்களில் காட்டை ஒட்டிய சிற்றூர்களில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டு, போர்த்துக்கீசியர்களிடமிருந்து தப்பி மலையேறியவர்கள் இவர்களுடைய முன்னோரில் பலர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று மதத்திலும் இருக்கிறார்கள். 2003-ல்தான் பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்தது. 2020-ல் முதன்முதலாக இவர்களில் ஒருவர், சாந்தாராம் சித்தி, கர்நாடக மேலவைக்குள் போனார். பத்திரிகைகளுக்கு ஓட்டப்பந்தயம் என்றால்தான் இவர்கள் ஞாபகம் வரும். இவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் கவந்தியைப் பற்றி எழுத ஆள் குறைவு.

கவந்தி என்பது பழந்துணி ஒட்டுப்போர்வை. நம் கந்தையும் வங்காளத்துக் காந்தாவும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். கவந்தியும் அந்த வம்சமோ என்னவோ, சொல்லறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நாங்கள் போனது ஒரு அஜ்ஜியின், அதாவது பாட்டியின் வீடு. எழுபது தாண்டியிருக்கும். மண்சுவர், நாட்டு ஓடு, சாணமிட்ட தரை. தோழி கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னதும் அஜ்ஜி பேரனைப் பார்த்துத் தலையை மேலே அசைத்தார். அவன் அடுப்புக்கு நேர் மேலே இருந்த பரணில் தாவி ஏறி ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டான். தொப்பென்று விழுந்தது. புகை வாசனை அறை முழுக்கப் பரவியது. எனக்கு இருமல் வந்தது.

ஜூன் பிறந்தால் நாலு மாதம் விடாமல் கொட்டுகிற ஊர். கொடியில் போட்ட சட்டை காய ஒரு வாரம் ஆகும், ஆணியில் மாட்டிய சட்டை பூத்துவிடும் என்றார்கள். அந்த மூட்டைக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. இரண்டு வேளையும் அடுப்புச் சூடும் புகையும் அதற்குள் புகுந்து வெளியே போகின்றன. ஈரம் தங்குவதில்லை, பூச்சி அண்டுவதில்லை. ஊரில் எங்கள் ஆச்சி விதைச் சோளக்கதிரை அடுப்புக்கு மேலேதான் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். நான் ஏன் அதை நினைக்கவேயில்லை என்று தெரியவில்லை. மாடுலர் கிச்சனில் புகைக்கு எங்கே போவது என்பது வேறு கேள்வி. வசம்பு வைப்பீர்களா என்று கேட்டேன். தோழி மொழிபெயர்த்ததும் அஜ்ஜி சிரித்தார். "வசம்பு கொழந்தைக்கு வயித்துவலின்னா உரைச்சுக் குடுக்கிறது. துணிக்கு என்ன வயித்துவலி?"

மூட்டை என்பது ஒரு பழைய சேலை. அவிழ்த்தால் உள்ளே நாலு சிறு மூட்டைகள். நிறவாரியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றில் பச்சைக்குப் பக்கத்தில் கத்திரிப்பூ, அதன் மேல் கட்டம் போட்ட லுங்கி, எல்லாம் கலந்து கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. துணியில் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார். முழுச் சேலையாகத் தேறுவது போர்வையின் அடிக்கு. கைபட்டால் கிழிகிற நைந்த துணி உள்ளே போகிறது, ஒட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கனம் கொடுக்க. உடம்போடு பழகி மெத்தென்று ஆகி, ஆனால் இழை விடாதது மேலே வருகிறது. நாலாவது மூட்டை மிகச் சிறியது, ஒரு கைக்குட்டையில் முடிந்தது. அதில் ரவிக்கை ஓரம், பாவாடை ஜரிகை, மினுங்குகிற துண்டுகள். அவை பூவுக்கு.

எது எந்த மூட்டை என்று எப்படித் தெரியும்? அஜ்ஜி ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தார். பிறகு விளிம்பைப் பல்லால் கடித்துச் சின்னதாகக் கிழித்தார். சர்ரென்று நேராகக் கிழிந்தது. "சத்தம் கேட்டியா?" என்றார். நான் பருத்தியா என்று பார்க்க ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுகிற ஆள். எரிந்தால் காகித வாசனை, உருகி மணியானால் பாலியஸ்டர். அவர் காதும் கன்னமும் போதுமென்று வைத்திருக்கிறார்.

மேல்மூட்டையிலிருந்து ஒரு காக்கிச் சட்டை வந்தது. கணவர் காட்டிலாகாவில் வாட்சராக இருந்தவர், போய் ஒன்பது வருஷம். காலரும் கையும் ஏற்கெனவே எங்கோ போய்விட்டன, முன்பக்கம் மட்டும் மிச்சம். அஜ்ஜி அதைத் தொடைமேல் விரித்து, ஊசி முனையால் மார்புப் பையின் தையலை ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தார். அவசரமே இல்லை. கடைசிக் கண் விட்டதும் பை கையோடு வந்தது. அதன் அடியில் ஒரு சதுரம். சட்டை வெளுத்து மணல் நிறமாகியிருக்க, அந்தச் சதுரம் மட்டும் கடையில் வாங்கிய அன்றைய காக்கியாக, கருகருவென்று இருந்தது. இத்தனை வருஷமும் வெயில் படாத இடம். அதன்மேல் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்திருந்தார். ஏதாவது சொல்வார் என்று நோட்டைத் திறந்தேன். "இது கால்மாட்டுக்கு" என்றார். "குதிகால் படுற எடம்தான் மொதல்ல தேயும். அங்க கெட்டித் துணி வேணும்."

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற கறுப்பின ஊரில் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து 1942-ல் தைத்த போர்வை ஒன்று இப்போது கலைப்பொருளாகக் கொண்டாடப்படுகிறது. அங்கும் ஆப்பிரிக்க வழி, இங்கும் ஆப்பிரிக்க வழி, ரத்தம் பேசுகிறது என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தோழியின் பாட்டி லிங்காயத்து. அவரும் ஹுப்பள்ளியில் கௌதி என்று கிட்டத்தட்ட இதையே தைத்தவர்தான். குளிரும் வறுமையும் உள்ள இடத்தில் ஊசி தானாக இந்த வழிக்கு வந்துவிடும் போலிருக்கிறது.

தைக்கிற முறையில்தான் கவந்தி தனி. நாங்கள் முதலில் மேல்பரப்பு முழுவதையும் ஒட்டித் தைத்து, நடுவில் பஞ்சு அட்டை வைத்து, அடித்துணி கொடுத்து, பிறகு மூன்றையும் சேர்த்துத் தைப்போம். அஜ்ஜி அடிச்சேலையைத் தரையில் விரித்து ஒரு மூலையில் தொடங்கினார். ஒட்டுத்துணியின் ஓரத்தை மடக்கி வைத்து ஓட்டுத் தையல், அது முடிகிற இடத்தில் அடுத்த ஒட்டு. விளிம்பைச் சுற்றி வந்து, பிறகு அதற்கு உள்வட்டம், அதற்கும் உள்வட்டம். வெளியிலிருந்து நடுவை நோக்கிப் போகிறது. ஒரே தையலில் ஒட்டும் நிற்கிறது, அடுக்குகளும் பிடித்துக்கொள்கின்றன. அளவுகோல் இல்லை, சாக்பீஸ் இல்லை. மூலை திரும்பும்போது மடிப்பை எப்படியோ உள்ளே வாங்கினார். மூன்று தடவை காட்டியும் எனக்கு ஏறவில்லை. முடிந்தபின் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துண்டுகளை அடுக்கித் தைக்க வேண்டும். அதுதான் பூ. பூ இல்லாமல் கவந்தியைக் கொடுத்தால் அம்மணமாக அனுப்புகிற மாதிரி என்று மருமகள் வெட்கத்தோடு சொன்னாள்.

பேச்சுவாக்கில் கட்டிலுக்கடியில் ஒரு உர சாக்கைப் பார்த்தேன். அதுவும் துணியா என்றேன். "அது ஆர்டர் துணி" என்றாள் மருமகள். நகரத்து வியாபாரி ஒருவர் கொண்டுவந்து போடுவதாம். கார்மெண்ட் கம்பெனி வெட்டுத்துணி, எல்லாம் புதுசு, நிறம் அவரே பொறுக்கியது. அதை ஏன் பரணில் வைக்கவில்லை? புகை வாசனை வரக் கூடாதாம். வாங்குகிறவர்களுக்குப் பிடிக்காதாம். அதனால் கீழே. கீழே இருந்தால் மழையில் ஈரம் இழுக்கிறது, எலி கடிக்கிறது. போன மழைக்காலத்தில் கால் சாக்கு பூத்துப்போனது. அந்தத் துணிக்கான காசைக் கூலியில் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நூறு வருஷம் கெடாமல் வைக்கத் தெரிந்தவளிடம், உன் வழியில் வைக்காதே என்று சொல்வது அவர். கெட்டுப்போனதும் நீதான் பொறுப்பு என்பதும் அவர். ஒரு கவந்திக்கு இரண்டு மாதம் உட்காருகிறாள். கொடுப்பதை நாள் கணக்கில் வகுத்தால் நூறு நாள் வேலைக் கூலியில் பாதி தேறவில்லை. அதே போர்வை நகரத்துக் கடையில் 'பாரம்பரியம்' என்ற சீட்டோடு தொங்கும்போது என்ன விலை என்று நான் பார்த்திருக்கிறேன். ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் இந்தப் பெண்களுக்குக் கூட்டுறவு அமைக்கத் துணை நின்றார். மார்கரெட் ஃபப்ரிசியோ என்ற கலைஞர் இங்கே பார்த்துப் போய் அமெரிக்கத் தையற்காரிகளுக்குக் கவந்தியைக் கற்றுக்கொடுத்தார். உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. இந்த உர சாக்குக்கு மட்டும் தெரியவில்லை. இப்படி ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினேன். தோழி பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

அஜ்ஜி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அவன் துணியாவது தருவான்" என்றார். "எனக்கு வீட்டுத்துணி தீருதே, அதச் சொல்லு."

உண்மைதான். மேல்மூட்டைதான் நாலில் பெரிதாக இருக்க வேண்டியது. அது சுருங்கிக் கிடந்தது. மருமகள் உடுத்துவது பாலியஸ்டர் சேலை, பேரன் போடுவது ஜெர்ஸி. தேர்தலுக்கு வந்து கொடுத்த சேலையும் வழுக்குத்தான். கிழியாது, நைந்தும் போகாது, மெத்தென்றும் ஆகாது. ஊசி வழுக்கும், போர்த்தினால் வேர்க்கும், தண்ணீர் குடிக்காது. குழந்தைக்கு விரித்தால் ஒரே ஓடை. பருத்திச் சேலை உடுத்துகிற கிழவிகள் ஊரில் நாலைந்து பேர் பாக்கி. "நாங்க போனா நாலு மூட்டை, அவ்வளவுதான்" என்று விரல் காட்டினார்.

நான் பையில் கொண்டுபோயிருந்ததை அப்போதுதான் எடுத்தேன். வெள்ளத்தில் தப்பிய என் நல்ல துணிகள். இண்டிகோ, இக்கத், மங்களகிரி, ஸ்கேல் சுற்றிய மடிப்புக் கலையாமல் பன்னிரண்டு துண்டு. எல்லாம் அசல் பருத்தி. அஜ்ஜி ஒவ்வொன்றாக விரித்தார். கன்னத்தில் தேய்த்தார். இண்டிகோவை இரண்டு தடவை தேய்த்தார். பிறகு பன்னிரண்டையும் அடுக்கி, நான் மடித்த மாதிரியே மடிக்கப் பார்த்து, வராமல் விட்டு, என் மடியில் வைத்தார்.

"நல்லா இருக்கு, தங்கீ. இத யாராவது நாலு வருஷம் உடுத்திட்டுக் குடு."

அதில் ஒன்றையாவது வைத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினேன். மஞ்சள் இக்கத்தில் ஓரமாக நாலு விரல் கிழித்துக்கொண்டார். அது கைக்குட்டை மூட்டைக்குப் போயிற்று.

ஊருக்கு வந்து இண்டிகோவைத் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்தேன். மேல்சட்டைக்குத்தான் வரும் என்றார், சரி என்றேன். மற்றவை இன்னும் அலமாரியில் மஞ்சளுக்குப் பக்கத்தில் மஞ்சளாக இருக்கின்றன. நேற்று மொட்டைமாடிக் கொடியில் வீட்டுக்காரருடைய லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. திருமணத்துக்கு அடுத்த வருஷம் ஈரோட்டில் வாங்கியது. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கன்னத்தில் வைத்துத் தேய்த்தேன். இன்னும் ஒரு வருஷம் போக வேண்டும்.