லிட்டர் வெயிட்

ஆகஸ்ட் மாசம் எங்க வீட்ல ரெண்டு சரக்கைத் தரம் பிரிப்போம். அம்மா, ஏலக்காய். நான், சென்னையின் எஃப்.சி!

அம்மாவுக்குப் போடியில ஒரு ஏலக்காய் ஸ்டோர்ல வேலை. மலையிலேர்ந்து மூட்டையில வர்ற காயைத் தரையில கொட்டி, வெடிச்சது, நிறம் போனது, பூச்சி கடிச்சதை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டு, மிச்சத்தைச் சல்லடையில சலிச்சு எடுக்கணும். எட்டு எம்.எம். சல்லடையில நிக்கிற காய்தான் ராஜா. பச்சைப் பசேல்னு, குண்டு குண்டா, பாத்தாலே விலை சொல்லும்.

ஸ்கூல் படிக்கும்போது, 'எட்டு எம்.எம்.னா உடனே வாங்கிருவாய்ங்களா?'னு அம்மாகிட்ட கேட்டேன். சிரிச்சுட்டு ஒரு லிட்டர் படியில காயை நிரப்பித் தராசுல வெச்சாங்க. 'லிட்டர் 400 கிராமைத் தாண்டணும்டா. ஆளு பெருசா இருந்து உள்ள விதை இல்லேன்னா வெறும் தோலு. காத்துக்கா காசு குடுப்பாக?' அதுக்குப் பேர்தான் லிட்டர் வெயிட். நாலு சாம்பிளை உள்ளங்கையில உருட்டிப் பாத்தே வெயிட் சொல்ற வியாபாரிங்க எங்க ஊர்ல இருக்காங்க.

எனக்கும் அந்தக் கை இருக்குனு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். சீஸனுக்கு முன்னாடி என் டீமோட லிஸ்ட் வந்ததும், ஒரு பழைய ரஃப் நோட்ல ஒவ்வொரு பிளேயருக்கும் லிட்டர் வெயிட் போடுவேன். கூட உக்காந்து கிண்டல் பண்றது என் ஹாஸ்டல் மாப்ள. ஊர் பூப்பாறை. போடிமெட்டு தாண்டினா வந்துரும், ஆனா அது கேரளா. அவன் பிளாஸ்டர்ஸ் வெறியன். 'உங்க டீம் மேல வரணும்னா எங்க மலையேறித்தான்டா வரணும்'பான்.

2024 ஆகஸ்ட் நோட்டை இப்பவும் வெச்சிருக்கேன். வில்மர் ஜோர்டான் கில்: 440. முந்தின சீஸன்ல பஞ்சாப் எஃப்.சி.க்கு 8 கோல் அடிச்ச கொலம்பியாக்காரர். கானர் ஷீல்ட்ஸ்: 430. இந்த மனுஷன் ஓடுறதைப் பாத்தா நமக்கு மூச்சு வாங்கும். கேப்டன் ரயான் எட்வர்ட்ஸ்: 420. கியான் நாசிரி: 410. 2022-ல கொல்கத்தா டெர்பியில ஹாட்ரிக் அடிச்ச பையன். அப்போ அவருக்கு என் வயசு சொச்சம்தான்.

அப்புறம் ஜாம்ஷெட்பூர்லேர்ந்து ஒரு ஜீப்பே வந்து எறங்குச்சு. சிமா சுக்வு, எல்சின்ஹோ, லால்டின்புயா, ஜிதேந்திர சிங், ரென்த்லே... அஞ்சு பேருக்கும் 400-க்கு மேலயே போட்டேன். 'மாப்ள, இவங்க போன சீஸன்ல எத்தனாவது வந்தாங்கனு பாத்தியா?'னு அவன் கேட்டான். பாத்திருந்தேன். 12 டீம்ல 11-ஆவது. 'அது கோச் சரியில்ல, பசங்க நல்ல பசங்க'னு வக்காலத்து வாங்கினேன். ஒரு ஓரமா இன்னொண்ணும் உறுத்துச்சு. இவ்ளோ பெரிய லிஸ்ட்ல தமிழ்நாட்டுப் பசங்களை விரல் விட்டு எண்ணிடலாம். 2018–19-ல சென்னை சிட்டி ஐ-லீக் ஜெயிச்சப்போ நெய்வேலி எட்வின் அந்த டீம்ல இருந்தார்னு இன்னிக்கும் சொல்லிச் சொல்லி சந்தோஷப்படுற ஜாதி நாங்க.

செப்டம்பர் 14, முதல் மேட்ச். புவனேஸ்வர்ல போயி ஒடிசாவை 3–2-னு அடிச்சோம். ஃபரூக் சவுத்ரி ரெண்டு, சிமா ஒண்ணு. மெஸ்ல நான் போட்ட சத்தத்துல வார்டன் எட்டிப் பாத்தார். 'பாத்தியா, வெயிட்டு!'

அதுக்கப்புறம் காத்து எறங்க ஆரம்பிச்சுது. ஜெயிப்போம், அடுத்ததுல தோப்போம், அதுக்கடுத்ததுல லீட் எடுத்துட்டு கோட்டை விடுவோம். 2025 ஜனவரி 30, சென்னை நேரு ஸ்டேடியம். எதிர்ல யாரு? கேரளா பிளாஸ்டர்ஸ். ராத்திரி பஸ் பிடிச்சு ரெண்டு பேரும் போனோம். மாப்ள மஞ்சள், நான் நீலம். மேட்ச் ஆரம்பிச்சு நான் பாப்கார்னைப் பிரிக்கிறதுக்குள்ள அவங்க ஒரு கோல். முதல் பாதியிலயே நம்ம 440 கிராம் ஜோர்டானுக்கு ரெட் கார்டு. முடிவு 1–3. நம்ம ஊரு கிரவுண்டுல மஞ்சள் கூட்டம் ஆடிட்டு இருக்கு. பக்கத்துல மாப்ள மட்டும் ஆடாம உக்காந்திருந்தான். அது கிண்டலைவிட வலிச்சுது.

சீஸன் முடிவு: 13 டீம்ல 11-ஆவது இடம். ஆமா, அதே 11! நாங்க அஞ்சு பேரைத் தூக்கிட்டு வந்த ஜாம்ஷெட்பூர் அஞ்சாவது இடம் பிடிச்சு செமி ஃபைனல் வரை போச்சு. இதுல ஒரு கூத்து, கடைசி மேட்ச்ல அதே ஜாம்ஷெட்பூரை நாங்க 5–2-னு நொறுக்கினோம். எதுக்கு இப்போனு கேக்கத் தோணுச்சு.

லீவுல வீட்டுக்குப் போயி நோட்டையும் பாயின்ட்ஸ் டேபிளையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அப்பதான் கண்ல பட்டுது. 2023–24-ல எங்களுக்கு 27 பாயின்ட், ஆறாவது இடம், பிளே ஆஃப். 2024–25-லயும் அதே 27 பாயின்ட், ரெண்டு மேட்ச் கூடுதலா ஆடி. கோச்சும் அதே ஓவன் கோய்ல்தான். இடம் மட்டும் 11. ஒரு ஜீப் நிறைய ஆள் எடுத்தும் தராசு முள்ளு அசையவே இல்ல!

பழசையும் கிளறினேன். 2018 மார்ச்ல பெங்களூருவை அவங்க ஊர்லயே 3–2-னு ஜெயிச்சுக் கப் தூக்கின டீம், அதே கோச்சோட, பாதிக்கு மேல அதே முகங்களோட அடுத்த சீஸன்ல 18 மேட்ச்ல ரெண்டே ரெண்டு ஜெயிச்சு 10 டீம்ல கடைசி. அதுக்கடுத்த 2019–20-ல முதல் நாலு மேட்ச்ல ஒரு கோல் கூட இல்ல. நடுவுல கோய்ல் வந்தார். அதே லிஸ்ட்டு ஃபைனல் வரைக்கும் போச்சு. நான் நோட்ல எழுதினது எல்லாம் எம்.எம். கணக்கு. படியில அள்ளிப் போட்டு ஒண்ணா நிறுத்துப் பாக்காம ஒரு காயை வெச்சு என்னத்தை வெயிட் சொல்றது?

இதை மாப்ளகிட்ட சொன்னா, மூணாறுக் கதைய எடுத்தான். அங்க டீ எஸ்டேட்டுகளுக்குள்ள ஃபின்லே ஷீல்டுனு 1940-கள்லேர்ந்து ஃபுட்பால் நடக்குது. அவன் சித்தப்பா ஒரு எஸ்டேட்டுக்கு ஆடினவர். 'எவன் பந்து வாங்கினா குடுக்க மாட்டான், எவனுக்கு முட்டி வலி, எல்லாம் லயத்துல எல்லாருக்கும் தெரியும்டா. தனியா லிஸ்ட் எதுக்கு?'

சரி, 2025 ஆகஸ்ட்ல ஒழுங்கா மார்க் போடலாம்னு புதுப் பக்கம் திறந்து வெச்சேன். லிஸ்ட்டே வரல! ஜூலை 11-ஆம் தேதியே ஐ.எஸ்.எல்.-ஐ நிறுத்தி வெச்சுட்டாங்க. லீக் நடத்துற கம்பெனிக்கும் ஃபெடரேஷனுக்கும் ஒப்பந்தம் முடியப்போகுது, புதுசு போடல. ஆகஸ்ட்ல சென்னையின் கிளப்பும் செயல்பாடுகளை நிறுத்தி வெக்கிறதா அறிவிச்சுது. கோட்டை விட்ட அந்த லிஸ்ட் மேல அன்னிக்கு வந்த பாசம் இருக்கே... ரென்த்லேவை எல்லாம் நினைச்சுப் பாத்தேன்னா பாத்துக்கங்க.

அதே மாசம் வேற ஒரு லிஸ்ட் வந்துச்சு. காலேஜ் நோட்டீஸ் போர்டுல பிளேஸ்மென்ட் லிஸ்ட். முதல்ல வந்த கம்பெனிக்கு 7.5 சி.ஜி.பி.ஏ. வேணுமாம். என்னோடது 7.2. சல்லடையில கீழ விழுந்த காய். மாப்ள 8.3, மேல நின்னுட்டான். அவன் இன்டர்வியூ ஹால்ல இருக்கும்போது நான் வெளிய மரத்தடியில அவன் பையை வெச்சுட்டு உக்காந்திருந்தேன். கியான் நாசிரிக்கு நான் 410 போட்டது ஞாபகம் வந்துச்சு. அந்தப் பையன்கிட்ட நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட சொன்னேன். சலிச்சுக்கிட்டே, 'கீழ விழுந்ததைத் தூக்கியா போட்டுருவாக? அதுக்கும் ஏலம் இருக்குடா'ன்னாங்க. ஆனா விலை கம்மிதானேனு கேட்டேன். 'கம்மிதான்'னாங்க. அம்மா பொய் சொல்ல மாட்டாங்க.

2026 ஜனவரியில ஒருநாள் ராத்திரி மாப்ள போன். 'டேய், பிப்ரவரி 14 ஐ.எஸ்.எல். ஆரம்பிக்குதாம். 14 டீம், ஒரே ஒரு ரவுண்டு!' சட்டுனு எழுந்து நோட்டைத் தேடினேன். அடுக்களை அலமாரியில இருந்துச்சு. காலியா விட்டிருந்த 2025 பக்கம் பூரா அம்மா பால் கணக்கு எழுதி வெச்சிருந்தாங்க.