நாற்குழல் பீரங்கி

விடுதியில் எனக்குப் 'பீரங்கியார்' என்று ஒரு பட்டம் உண்டு. சூட்டியவர் என் அறை நண்பர். இரவு பத்து மணிக்கு மேல் அவருக்குத் தூக்கம் வராமற் போனால் அதற்குப் பெரும்பாலும் நான்தான் காரணம். அந்த நேரத்தில்தான் என் மடிக்கணினியில் விமானங்கள் பாய்ந்து வரும்; நானும் வானத்தைத் துளைத்துக் கொண்டிருப்பேன்.

'வார் தண்டர்' என்னும் ஆட்டத்தை நம் மலரின் வாசகர் பலர் அறிந்திருப்பர். அறியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன்: பழைய யுத்தங்களில் ஓடிய டாங்கிகளையும் பறந்த விமானங்களையும் இணையத்தின் வழியே ஓட்டிச் சண்டையிடும் ஆட்டம் அது. மற்றவர்களெல்லாம் பெரிய பெரிய டாங்கிகளைத் தேடிப் போனார்கள். நான் தேர்ந்து கொண்டது 'விர்பெல்விண்ட்'. ஜெர்மன் மொழியில் சுழற்காற்று என்று பொருள். போரில் அடிபட்டுத் திரும்பிய நான்காம் எண் பான்சர் டாங்கிகளை 1944-ல் செப்பனிட்டு, பழைய பீரங்கிக் கூண்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நான்கு குழல்கள் கொண்ட 20 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியை வைத்தார்கள். சுற்றிலும் ஒன்பது பக்கங்களுள்ள இரும்புத் தகட்டுக் கூண்டு. மேலே கூரை கிடையாது. ஜெர்மன் சிப்பாய்கள் அதைப் 'பிஸ்கோத்து டப்பா' என்று அழைத்தார்களாம். ஏறத்தாழ நூறு வண்டிகளே செய்யப்பட்டன. இந்த ஆட்டத்தில் ஒரே இரவில் அதைவிட அதிகமாக நாங்கள் உடைத்துவிடுவோம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பீரங்கியிடம் நான் மயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. விமானத்தைக் குறி பார்த்துச் சுடுகிறவன் ஒரு நாளும் விமானத்தை அடிக்க மாட்டான். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் ஒரு விநாடியில் சுமார் 139 மீட்டர் போய்விடும். குண்டோ விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்பட்டாலும், காற்றில் வேகம் குன்றிக்கொண்டே போகும். ஒரு கிலோமீட்டர் தூரத்தை அது எட்டுவதற்குள் விமானம் 150 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆகவே ஒன்றுமில்லாத வெறும் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். விமானம் தானாக வந்து அங்கே மாட்டிக்கொள்ளும். கரும்பலகையில் பேராசிரியர் எழுதியபோது மண்டையில் ஏறாத சார்பு வேகம், இந்தப் பாழும் ஆட்டத்தில் விரல் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஊரிலிருந்து என் தம்பியும் சேர்ந்துகொள்வான். பதினொன்றாம் வகுப்பு, பதினாறு வயது. அருகில் போனைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியபடியே ஆடுவோம். அம்மா படுத்துவிட்டாளா என்று முதலில் விசாரித்துக்கொள்வது எங்கள் யுத்த தந்திரம்.

ஓர் இரவு அவன் கேட்டான்: "ஏண்ணா, தோட்டா தீர்ந்தா யாருண்ணா மாத்துறாங்க?"

"யார் மாத்தினா உனக்கென்ன? மேலே பாரு, வர்றான்!" என்றேன். அவன் பார்க்கவில்லை. நானும் கோட்டை விட்டேன். கூரையில்லாத டப்பாவில் இருந்த எங்களை மேலிருந்து வந்தவன் ஒரே வீச்சில் முடித்துவிட்டான்.

ஆட்டம் போனது போகட்டும், கேள்வி போகவில்லை. யார்தான் மாற்றினார்கள்? ஆட்டத்தில் 'குழுத் திறன்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அங்கே புள்ளிகளைச் செலவிட்டால் தோட்டா மாற்றும் வேகம் கூடும். நானும் சிக்கனமில்லாமல் செலவழித்திருந்தேன். அந்த வேகம் யாருடைய கைகளில் இருந்தது என்று ஒருமுறையும் எண்ணிப் பார்த்தவனில்லை.

தேர்வுக்குப் படிக்க வேண்டிய ஒரு வாரத்தை இதைப் படிப்பதில் கழித்தேன். ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனித் தோட்டாப் பெட்டி. ஒரு பெட்டியில் 20 தோட்டாக்கள். நிமிஷத்துக்கு 450 என்ற வேகத்தில் சுட்டால், ஒரு பெட்டி மூன்று விநாடிகூடத் தாங்காது. நான்கு குழலும் சேர்ந்து நிமிஷத்துக்கு 1,800 குண்டுகள் என்பது ஏட்டுக் கணக்கு. உண்மையில் கிடைத்தது சுமார் 800-தான். இடையில் காணாமற்போன ஆயிரம் குண்டுகள்தான் மனிதக் கைகளின் கணக்கு! சுடுபவரின் காலடியில் இரண்டு மிதிகள். ஒவ்வொரு மிதியும் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு குழல்களை இயக்கும். ஒரு ஜோடி சுடும்போது மற்ற ஜோடிக்குப் பெட்டி மாற்றலாம். அந்த ஏற்பாடே பெட்டி மாற்றும் ஆட்களை மனத்தில் வைத்துச் செய்ததுதான். விர்பெல்விண்டில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் இருவருக்கு இதுவே வேலை. சூடேறிய குழல்களுக்குப் பக்கத்தில், திறந்த வானத்தின் கீழ், காலிப் பெட்டியை உருவி நிறைந்த பெட்டியைச் செருகுவது. மூன்று விநாடி கழித்து மறுபடியும் அதுவே.

அந்த ஆட்கள் யார் என்று தேடிப் போனபோதுதான் சிக்கல் வந்தது. இவ்வண்டிக்கு யோசனை சொன்னவர் 12-ஆவது எஸ்.எஸ். பான்சர் டிவிஷனைச் சேர்ந்த ஓர் அதிகாரி. 'ஹிட்லர் இளைஞர்' என்பது அந்த டிவிஷனின் பெயர். 1943-ல் அதைத் திரட்டியபோது சேர்ந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் 1926-ல் பிறந்தவர்கள். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குச் சிகரெட் கொடுக்கக் கூடாதென்று, ரேஷனில் அதற்குப் பதிலாக மிட்டாய் கொடுத்தார்கள். இது ஒரு டிவிஷனின் கதை மட்டுமன்று. நகரங்களைக் காத்த விமான எதிர்ப்புப் படைகளுக்கு 1943 பிப்ரவரி முதல் பள்ளிப் பிள்ளைகளையே அழைத்தார்கள். பிற்காலத்தில் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் ஆன ராட்சிங்கரும் அப்படிப் போனவரே. ஆசிரியர்கள் பீரங்கி இருந்த இடத்துக்கே வந்து பாடம் நடத்தினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அங்கேயும் பாடமாண்ணா!" என்று சிரித்தான். பிறகு, "என் வயசுதானே அவங்களுக்கு?" என்றான்.

"மிட்டாய் வாங்கினவனுக்கு உன்னைவிட ஒரு வயசு கூட இருக்கும்."

"பாவம்ணா."

ஆமாம் என்று சொல்லி அதோடு விட்டிருக்கலாம். நான் படித்ததில் அதற்கடுத்த பக்கமும் இருந்தது. 1944 ஜூனில் நார்மண்டியில் இதே டிவிஷன்காரர்கள், சரணடைந்த கனடா நாட்டுச் சிப்பாய்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். சண்டையில் அல்ல, கைதியாகப் பிடித்த பின். அதை அன்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு எதற்கு என்று என்னையே சமாதானப்படுத்திக் கொண்டேன். வாரம் முழுவதும் அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. அவன் 'பாவம்' என்றது பொய்யில்லை. ஆனால் அவன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொன்னது. மற்றப் பக்கத்தை மறைத்தவன் நான். பதினாறு வயதுப் பையனுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதென்று மூத்தவர்கள் தீர்மானித்ததில்தானே அந்த டிவிஷனே பிறந்தது என்றும் தோன்றியது.

மறு ஞாயிறு சொல்லிவிட்டேன். போனில் வெகுநேரம் சத்தமில்லை.

"யாரு, அந்த மிட்டாய்ப் பசங்களா?"

"அவங்களும் உண்டு. அவங்களை அனுப்பின பெரியவங்களும் உண்டு."

"அவங்களைப் பாவம்னு சொன்னேனே..."

"சொன்னே. அதுவும் தப்பில்லைடா" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. இருவரும் ஒரே பையன்களாக இருப்பதை எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"ஆடலாமாண்ணா?" என்றான் கடைசியில்.

ஆடினோம். ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று எழுதினால் என் அறை நண்பர் இம்மலரிலேயே மறுப்புக் கட்டுரை எழுதிவிடுவார். மேகத்திலிருந்து ஒரு விமானம் இறங்கியது. வெறும் வானத்தைக் குறி வைத்துச் சுட்டேன். போனில் தம்பியின் குரல் தணிந்து கேட்டது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு. இந்நேரம் ஒரு பெட்டி மாத்தியிருக்கணும்ணா."